பழைய யந்திரமும் புதிய வேடங்களும்

சென்னைப் பட்டணத்தின் பூர்வ சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் யானைக்கவுனியைப் பற்றிச் சொல்ல நேரும்போது, ஹைதர் அலியின் குதிரைப் படைகள் 1767-லும் 1769-லும் பட்டணத்தின் வாசல் வரை வந்து போன பீதியையும், அதன் பிறகு கறுப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கும்பினியார் எழுப்பி முடித்த மதிற்சுவரையும், அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்து நடத்திய பால் பென்ஃபீல்டு என்ற இங்கிலீஷ்காரர் அதனால் அடைந்த செல்வத்தையும், சுவருக்கான செலவைக் குடிகளிடம் வரியாக வாங்கிவிட நினைத்து அது கைகூடாமலே போன வேடிக்கையையும் விஸ்தாரமாகச் சொல்வது வழக்கம். வசூலாகாத வரியின் ஞாபகமாக வால்டாக்ஸ் சாலையும், இடிந்துபோன சுவரின் வாயில் ஒன்றின் ஞாபகமாக யானைக்கவுனி என்ற பெயரும் இன்றைக்கும் நிலைத்திருக்கின்றன. அந்தச் சரித்திரங்களில் இடம்பெறாத, இடம்பெறத் தகுதியுள்ளது என்று யாரும் கருதியிராத ஒரு விஷயத்தைப் பற்றி இங்கே பிரஸ்தாபிக்க விரும்புகிறேன். வயசாகித் தளர்ந்துபோன கம்ப்யூட்டரில், அதன் சக்திக்கு மீறியவை என்று செய்தவர்களே எச்சரித்து அனுப்பிய புதிய விளையாட்டுகளை, அதிலும் வேடமேற்று ஆடும் ஆர்.பி.ஜி. என்ற வகையைச் சேர்ந்தவற்றை, எப்படியாவது ஓட்டி ஆடிவிடும் வித்தை இந்த வட்டாரத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்த விதமே அந்த விஷயம்.

இதுவும் ஒரு சரித்திரமா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். யானைக்கவுனிக்கு அண்டையில், பார்க் டவுன் பக்கத்தில், குஜிலிக் கடை என்று ஓர் அந்திச் சந்தை இருந்தது. அங்கே காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற கொலைச் சிந்துகளையும் விபத்துப் பாட்டுகளையும் அக்காலத்துப் பண்டிதர்கள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவற்றையே இன்று ஆராய்ச்சியாளர்கள் நூலகம் நூலகமாகத் தேடி அலைகிறார்கள். மலிவான பொருளில் ஜனங்கள் கண்ட சந்தோஷத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே முன்மாதிரி இருக்கும்போது நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆர்.பி.ஜி. என்று பையன்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்த வகை, 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேஜை விளையாட்டிலிருந்து கிளைத்தது. ஆடுகிறவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ ஒரு பாத்திரத்தைத் தமக்கென்று வகுத்துக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றி, கண்டவர்களோடு சம்பாஷித்து, சிலரை நம்பி, சிலரால் ஏமாந்து, யுத்தங்களில் அனுபவம் சேர்த்து, அந்த அனுபவத்தின் பலத்தால் படிப்படியாக உயர்வதுதான் இதன் சாரம். 1981-ல் 'அல்டிமா', 'விஸர்ட்ரி' என்ற இரண்டும் இதைக் கம்ப்யூட்டரில் வேரூன்றச் செய்தன. வேடம் பூண்டு ஆடுவது யானைக்கவுனிக்குப் புதிதல்ல. வால்டாக்ஸ் சாலையில் இருந்த ஒற்றைவாடை தியேட்டரில் ஒரு காலத்தில் நாடக சபைகள் இரவெல்லாம் ஆடின, எம்.ஜி.ஆர். இளமையில் இந்த வட்டாரத்தில் குடியிருந்தவர். ஆனால் அது வேறு கதை. அதற்குள் புகுந்தால் வெளியே வருவது கஷ்டம்.

சென்னையில் வீடியோ கேம் என்பது முதலில் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியாகத்தான் வந்தது. ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் 1983-ல் வெளியிட்ட யந்திரத்தைப் பார்த்துப் பிறர் செய்த போலிகள், தொண்ணூறுகளில் பர்மா பஜாரிலும் பாரிமுனையிலும் தாராளமாகக் கிடைத்தன. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஒன்றில் அடக்கம் என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டைச் செருகினால், உள்ளே மரியோவும் காண்ட்ராவும் இன்னும் சிலவுமே திரும்பத் திரும்ப வேறு வேறு எண்களில் தலைகாட்டும். அந்தக் கேசட்டுகளில் ஆர்.பி.ஜி.யைக் காண்பது அரிது. காரணம் சாதாரணமானது. 1987-ல் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி' போன்ற நெடிய விளையாட்டில், விட்ட இடத்தை ஞாபகம் வைப்பதற்குக் கேசட்டுக்குள் ஒரு சிறு பாட்டரி வேண்டும்; மலிவுக் கேசட் செய்தவர்கள் அந்தச் செலவை ஏற்கவில்லை. ஆகவே ஞாபக சக்தியற்ற கேசட்டுகளின் காலத்தில், குதிப்பதும் சுடுவதுமான விளையாட்டுகளே பிள்ளைகளுக்கு வாய்த்தன. நெடுங்கதை வேண்டுமானால் ஹார்ட் டிஸ்க் என்ற ஞாபகப் பெட்டி வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஹார்ட் டிஸ்க்கும் கம்ப்யூட்டரோடு வந்தது. 1995 ஆகஸ்டு 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட பிறகு, தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர்கள் முளைத்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி கம்பெனியின் 'ஐவே' கடைகள் ஊரெங்கும் கிளைவிட்டன. நல்ல யந்திரங்கள், நல்ல திரை, குளிர்சாதனம் எல்லாம் அங்கேதான் இருந்தன. ஆயினும் அங்கே ஆடப்பட்டவை 'கவுன்டர்-ஸ்டிரைக்', 'ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ்' போன்றவை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கட்டி ஆடுகிற இடத்தில், முடிப்பதற்கு நூறு மணி நேரம் கேட்கும் ஒரு விளையாட்டை யார் ஆடுவார்கள்? அப்படியே ஒருவன் ஆசைப்பட்டு ஆரம்பித்தாலும், அவன் சேமித்து வைத்த இடத்தை மறுநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்தவன் அழித்துவிட்டுப் போயிருப்பான். இந்த ஒரு பொருளாதாரக் காரணத்தினாலேயே, நகரத்தின் புதிய யந்திரங்கள் துப்பாக்கி விளையாட்டுகளுக்கும், வீட்டு மூலையில் கிடந்த பழைய யந்திரங்கள் ஆர்.பி.ஜி.க்கும் என்று ஒரு பிரிவினை தானாகவே ஏற்பட்டுவிட்டது. பழைய கம்ப்யூட்டரோடு ஆர்.பி.ஜி.க்கு ஏற்பட்ட பந்தம் வெறும் வறுமையால் மட்டும் நேர்ந்ததல்ல என்பதும், நேரத்துக்கு வாடகை கேட்காத யந்திரம் வீட்டில் மட்டுமே இருந்ததுதான் அதன் மூலம் என்பதும் என் அபிப்பிராயம்.

வீட்டு யந்திரம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சவுக்கார்பேட்டையிலும் யானைக்கவுனியிலும் மொத்த வியாபாரக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுக்குக் கம்ப்யூட்டர் டேலி கணக்கு எழுதவே வேண்டியிருந்தது. கடைக்குப் புதியது வாங்கினால் பழையது வீட்டுக்கு வரும். அல்லது அக்காவின் படிப்புக்கு என்று சொல்லி, ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்த்த 'அசெம்பிள்டு' சிஸ்டம் ஒன்று தவணையில் வரும். கணக்கு எழுதும் யந்திரத்துக்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு எதற்கு என்று, படம் வரையும் சக்தியை மதர்போர்டிலேயே அடக்கிய இன்டெல் 845ஜி.வி. போன்ற மலிவு ரகங்களையே கடைக்காரர் மாட்டிக் கொடுப்பார். அந்த 845ஜி.வி.யின் சங்கடம் வாங்கும்போது தெரியாது. பின்னாளில் பையன் எங்கெங்கோ காசு சேர்த்து ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு ஆயத்தமாகி, கேபினட்டைத் திறந்து பார்க்கும்போதுதான், அதைச் செருகுவதற்கான ஏ.ஜி.பி. பொந்தே அந்த போர்டில் இல்லை என்பது புலப்படும். கார்டு இல்லாத குறையைப் போக்கலாம். பொந்து இல்லாத குறைக்கு என்ன செய்வது?

விளையாட்டு வந்த வழி பர்மா பஜார். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் வியாபாரங்களும் தேசிய உடைமையாக்கப்பட்டபின் கப்பலேறித் திரும்பிய தமிழர்களில் சிலர், 1969 முதல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் கடை பரப்பிப் பிழைத்த இடம் அது. டிரான்சிஸ்டர், கைக்கடிகாரம், சென்ட் பாட்டில், வீடியோ கேசட் என்று காலத்துக்குக் காலம் சரக்கு மாறி, 2000-ஆம் ஆண்டை ஒட்டி சி.டி. என்ற தட்டுகளில் வந்து நின்றது. கனடா தேசத்து எட்மன்டன் நகரில், டாக்டர் தொழில் படித்தவர்கள் ஆரம்பித்த பயோவேர் கம்பெனி உருவாக்கி 1998-ல் வெளியான 'பால்டர்ஸ் கேட்' ஐந்து சி.டி.க்களில் வந்தது. அந்த ஐந்தையும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி விற்பார்கள். வீட்டுக்கு வந்து போட்டால், மூன்றாவது தட்டு பாதியில் முனகி நின்றுவிடும். திரும்பப் போய்க் கேட்டால் மாற்றிக் கொடுப்பார்கள். மாற்றிக் கொடுத்ததும் அதே இடத்தில் நிற்கும், ஏனென்றால் மூலத் தட்டிலேயே கீறல். இவை முறையான விற்பனை அல்ல என்பது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் தெரிந்ததுதான். 2004-ல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். சோதனைகள் நடந்தன, தட்டுகள் குவியலாகப் பறிமுதலாயின. நியாயத்தைப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எழுதியவனுக்கும் வரைந்தவனுக்கும் சல்லிக்காசு போகாத இந்த வியாபாரத்தைப் புகழ எனக்கு மனமில்லை, ஆனால் அசல் பெட்டி ஒன்றைக் கண்ணால் பார்க்கவும் வழியில்லாத வட்டாரத்தில், இது இல்லாமல் இந்தச் சரித்திரமே ஆரம்பித்திராது.

'பால்டர்ஸ் கேட்' போன்றவை பழைய யந்திரத்துக்கு அநுகூலமாக அமைந்தன. அவற்றின் காடும் கோட்டையும் முன்கூட்டியே வரைந்து வைத்த சித்திரங்கள். அந்தச் சித்திரத்தின்மேல் சிறு உருவங்கள் நடமாடும். ஸ்பேஸ் பட்டனைத் தட்டினால் யுத்தம் அப்படியே நிற்கும். சிந்தித்து, கட்டளை கொடுத்து, மறுபடி தட்டினால் ஓடும். இத்தகைய ஆட்டத்தில் யந்திரம் சற்றுத் திணறினாலும் ஆடுகிறவன் தோற்பதில்லை. துப்பாக்கி விளையாட்டில் கண் இமைக்கும் நேரம் தாமதித்தால் மரணம். இங்கே தாமதம் என்பது யோசிப்பதற்குக் கிடைத்த அவகாசம். வினாடிக்கு முப்பது படம் வேண்டிய இடத்தில் பதினெட்டே வந்தாலும் கதை நகர்ந்துகொண்டிருக்கும்.

சோதனைக் காலம் 2006-ல் வந்தது. அந்த வருஷம் மார்ச்சில் பெதஸ்டா கம்பெனி வெளியிட்ட 'ஆப்ளிவியன்', மலையும் புல்லும் சூரிய வெளிச்சமுமாகத் திரை முழுவதையும் நொடிக்கு நொடி புதிதாகக் கணக்கிட்டு வரைந்தது. அதற்கு 'பிக்செல் ஷேடர் 2.0' என்ற ஆற்றல் கிராபிக்ஸ் கார்டில் இருந்தே தீர வேண்டும். நம் ஊரில் அப்போது பரவலாக இருந்ததோ 2002-ல் என்விடியா கம்பெனி மலிவாக விற்ற 'ஜீஃபோர்ஸ் 4 எம்.எக்ஸ்.' கார்டு. பெயரில் நான்காம் தலைமுறை. குடலோ இரண்டாம் தலைமுறையினுடையது. முந்தைய மூன்றாம் தலைமுறையில் இருந்த ஷேடர் வசதிகூட இதில் கிடையாது. பெட்டியின்மேல் 4 என்ற எண்ணைப் பார்த்து வாங்கிய எத்தனையோ பேர் அந்த வருஷம்தான் தாங்கள் ஏமாந்ததை அறிந்தார்கள். 'ஆப்ளிவியன்' அந்தக் கார்டைக் கண்டதும் உள்ளே விட மறுத்தது. ஆனால் சில மாதங்களுக்குள் 'ஓல்ட்ப்ளிவியன்' என்ற பெயரில், ரசிகர் ஒருவர் உழைப்பில் உருவான ஒரு சிறு நிரல் பரவியது. புதிய ஷேடர்களுக்குப் பதிலாகப் பழைய கார்டுகளுக்குப் புரியும் எளிய வழிகளை நடுவிலே புகுத்தி, நீரின் பளபளப்பையும் வெளிச்சத்தின் ஜாலத்தையும் தியாகம் செய்து, விளையாட்டை அது ஓட வைத்தது. பார்ப்பதற்குச் சாயம் போன சித்திரம்போல இருக்கும். ஆனால் நடக்கலாம், பேசலாம், திருடலாம், கதையை முடிக்கலாம். பெட்டியின்மேல் அச்சிட்ட 'குறைந்தபட்சத் தேவை' என்பது பிரகிருதியின் விதியல்ல, வியாபாரியின் எச்சரிக்கை மட்டுமே என்ற ஞானம் பழைய யந்திரக்காரர்களுக்குப் பிறந்தது அந்தச் சமயத்தில்தான்.

நிரலைப் பற்றிச் சொன்னேன். உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வடசென்னையின் காற்று கம்ப்யூட்டருக்குச் சத்துரு. கடலின் உப்பு ஒரு பக்கம். துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூள் மறு பக்கம். ராயபுரத்து வீடுகளில் காலையில் துடைத்த மேஜை மாலைக்குள் கறுத்துவிடும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குப் புதிய செய்தியல்ல. உயர் நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில் 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போயிற்று. அதுவரையில் ஒரு கேபினட்டைத் திறந்தால், ப்ராசஸரின்மேல் உட்கார்ந்த அலுமினியத் தகடுகளுக்கு இடையே கறுப்பும் சாம்பலுமாகக் கம்பளம் நெய்தாற்போல் தூசி அடைந்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல் யந்திரம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புது விளையாட்டு ஓடவில்லை, சிஸ்டத்துக்கு வயசாகிவிட்டது என்று புலம்பியவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பெயின்ட் பிரஷும் பத்து ரூபாய் தெர்மல் பேஸ்ட்டும் போதுமானதாக இருந்தன. சித்திரை, வைகாசி மாதங்களில் கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேஜை விசிறியை மனிதனுக்கு அல்லாமல் மதர்போர்டுக்கு நேராகத் திருப்பி வைப்பதும் எல்லா வீட்டிலும் நடந்ததுதான்.

உப்புக்காற்றின் விளைவு வேறு விதம். ராம் துண்டின் அடியிலே தங்க நிறத்தில் வரிசையாக இருக்கும் முனைகள் மங்கிப்போய், ஒருநாள் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றும், விளக்கெரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். மெக்கானிக் கடையில் நடக்கும் சம்பாஷணை எப்போதும் ஒன்றேதான்.

"அண்ணே, சிஸ்டம் ஆன் ஆவுது, டிஸ்ப்ளே வரல."

"ராமைக் கழட்டி ரப்பர் போட்டுத் தேய்ச்சியா தம்பி?"

"இல்லண்ணே."

"போயி அத மொதல்ல செய்யி. அப்புறம் வா."

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அந்த முனைகளை இரண்டு புறமும் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'டக்'கென்று சத்தம் கேட்கும்படி திரும்பச் செருகினால், பத்தில் பல தடவை யந்திரம் பிழைத்துவிடும். பையன் பிறகு அந்த அண்ணனிடம் திரும்பிப் போவதில்லை. ஆனாலும் அந்த அண்ணன் அதற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பழைய மானிட்டரின் உபகாரத்தையும் மறக்கக்கூடாது. குண்டு மானிட்டர் என்று கேலி செய்யப்பட்ட பின்புறம் பெருத்த கண்ணாடிக் குழாய்த் திரை, 640-க்கு 480 என்ற தாழ்ந்த அளவில் படத்தைக் கொடுத்தாலும் தெளிவு கெடாமல் காட்டும். தட்டையான புதிய திரைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அதன் புள்ளிகளின் எண்ணிக்கை நிரந்தரம், குறைந்த அளவு படத்தைக் கொடுத்தால் இழுத்து மழுக்கிக் காட்டும். ஆகவே யந்திரம் பழையதாக இருந்து திரை புதிதாக இருந்த வீட்டில் ஆடுவதைவிட, இரண்டும் பழையதாக இருந்த வீட்டில் ஆடுவது கண்ணுக்கு இதமாக இருந்தது. குண்டு மானிட்டர்கள் எடைக்குப் போன பிறகுதான் பலரும் இதை உணர்ந்தார்கள்.

2011-ஆம் வருஷம் இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு, அரசுப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கும் அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்கும் இலவச மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2 ஜி.பி. ராம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அம்மா லேப்டாப் என்று வழங்கிய அந்த யந்திரம், எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தலைமுறையின் வீடுகளில்கூடப் போய்ச் சேர்ந்தது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 11-ந் தேதி, 'ஸ்கைரிம்' என்ற ஆர்.பி.ஜி. உலகெங்கும் வெளியாயிற்று. அது கேட்ட குறைந்தபட்ச ராம் 2 ஜி.பி. அரசு கொடுத்ததும் அதுவே! கணக்கு ஒத்துப்போனது ராமில் மட்டும்தான், 512 எம்.பி. ஞாபகமுள்ள தனி கிராபிக்ஸ் கார்டுக்கு லேப்டாப் எங்கே போகும்?

அங்கேதான் பையன்களின் பிரயத்தனம் ஆரம்பித்தது. விளையாட்டின் மெனுவில் 'லோ' என்று வைத்து முடித்துக்கொள்கிறவன் ஆரம்ப மாணவன். தேர்ந்தவன், டாகுமென்ட்ஸ் கோப்புறைக்குள் கிடக்கும் ஐ.என்.ஐ. கோப்பை நோட்பேடில் திறப்பான். நிழலின் நுணுக்கத்தைக் குறிக்கும் வரியில் இருக்கும் எண்ணை 512 என்றும், அதுவும் போதாவிட்டால் 256 என்றும் இறக்குவான். நிழல் விழும் தூரத்தைச் சுருக்குவான். புல்லை அறவே நீக்குவான். 'ஸ்கைரிம்' நிழல்களின் பாரத்தில் பெரும்பகுதியை ப்ராசஸரின் தலையில் சுமத்திய விளையாட்டு ஆதலால், நிழலைக் குறைத்த மாத்திரத்தில் யந்திரம் மூச்சுவிடும். மரங்களுக்கு நிழலில்லை, மலைகளுக்குப் புல்லில்லை. வடதேசத்துப் பனிமலைச் சீமை எண்ணூர் உப்பளம்போல வெறிச்சென்று தோன்றும். ஆனால் டிராகன் வரும், குரல் கேட்கும், கிராமத்துக் கொல்லன் கத்தி விற்பான். இந்த வித்தையை ஒருவனுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. எந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை மாற்றி மாற்றிப் பார்த்தே கண்டுகொண்ட பையன்களில் பலர், பின்னால் கம்ப்யூட்டர் தொழிலுக்கே போனார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை. 2016-ல் அதே விளையாட்டு 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பெயரில் 8 ஜி.பி. ராம் கேட்டுக்கொண்டு மறுபடி வந்தபோது, இவர்கள் அதைச் சீண்டவே இல்லை. 2011-ன் பழைய பதிப்பையே பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

சரக்கு வந்து சேரும் வழியும் இதற்குள் மாறிவிட்டிருந்தது. 2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டு வந்தது, அதன் ஒரு திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. அலாரம் வைத்து எழுந்து, டவுன்லோடைத் தொடங்கிவிட்டுப் படுத்த தலைமுறை ஒன்று உண்டு. பவர்கட் அந்த நேரம் பார்த்து வந்தால் யு.பி.எஸ். கதறும் சத்தத்தில் வீடே எழுந்துகொள்ளும். 2015 நவம்பரில் ஸ்டீம் என்ற இன்டர்நெட் விளையாட்டுக் கடை ரூபாயில் விலை சொல்லத் தொடங்கியதும், பண்டிகைத் தள்ளுபடியில் பழைய ஆர்.பி.ஜி.க்கள் ஒரு பிரியாணி விலைக்கு முறையாகவே கிடைத்ததும் பர்மா பஜார்த் தட்டுகளுக்குச் சட்டம் செய்ய முடியாத முடிவைச் செய்தன.

இங்கே, அவசரமாகப் பேசுகிறவர்கள் கவனிக்கத் தவறும் ஒன்றைச் சொல்ல வேண்டும். யந்திரங்கள் முதுமையடையும் வேகம் எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. 1996-ன் கடைசியில் வந்த 'டயாப்லோ' 60 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் ஓடியது. 2002-ன் 'மாரோவிண்ட்' 500 மெகாஹெர்ட்ஸ் கேட்டது. 2006-ன் 'ஆப்ளிவியன்' 2 கிகாஹெர்ட்ஸ் கேட்டது. பத்தே வருஷத்தில் முப்பது மடங்குக்கு மேல்! அக்காலத்தில் ஐந்து வயசான கம்ப்யூட்டர் என்பது உண்மையிலேயே கிழடு. அதற்கு மாறாக, 2023 ஆகஸ்டில் வெளியாகி உலகத்தின் பரிசுகளையெல்லாம் அள்ளிய 'பால்டர்ஸ் கேட் 3' குறைந்தபட்சமாகக் கேட்டது 2014-ல் வந்த ஐ5-4690 ப்ராசஸரும், அதே வருஷத்து ஜி.டி.எக்ஸ். 970 கார்டும்தான். ஒன்பது வயசான யந்திரம் புத்தம் புதிய விளையாட்டின் வாசலில் மரியாதையோடு வரவேற்கப்பட்டது. ப்ராசஸர்களின் வேகம் முன்போலப் பாய்ந்து ஏறாமல் நின்றது ஒரு காரணம். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, பல வருஷ காலம் விளையாட்டுச் செய்பவர்களின் அளவுகோலாக இருந்தது இன்னொரு காரணம். அதன் சொற்ப சக்திக்குள் அடங்கும்படி செய்த விளையாட்டுகள், 2015-ன் 'விட்சர் 3' உட்பட, நம் வீட்டுப் பழைய யந்திரங்களுக்கும் அடங்கின. எங்கோ அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வரவேற்பறைத் தொலைக்காட்சிக்கு அடியில் கிடந்த ஒரு பெட்டி, யானைக்கவுனிச் சந்திலே இருந்த கம்ப்யூட்டரின் ஆயுளை நீட்டித்த விந்தை இது.

இதே காலத்தில் ரிச்சி தெருவில் ஒரு புதிய பண்டம் குவிந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் கம்பெனிகள் சில வருஷம் உபயோகித்துக் கழித்துவிட்ட டெல், எச்.பி., லெனோவோ ஆபீஸ் யந்திரங்கள் மொத்தமாக வந்து இறங்கின. உறுதியான உடம்பு, நல்ல ப்ராசஸர், குறை ஒன்றுதான். மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி சிறியது, கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாகக் கொடுக்க அதில் ஒயர் கிடையாது. அந்தக் குறைக்கு மருந்தாக 2014-ல் ஜி.டி.எக்ஸ். 750 டி.ஐ.யும், 2016-ல் 1050 டி.ஐ.யும் வந்தன; பெரும்பாலான மாடல்களுக்குத் தனி ஒயர் வேண்டாம், மதர்போர்டின் பொந்திலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் அடங்கிவிடும். கட்டையான கேபினட்டுக்கென்று பாதி உயரத்திலும் சில வந்தன. எங்கோ ஒரு கம்பெனியில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த யந்திரம், இந்த ஒரு கார்டைச் செருகியதும் போலந்துக்காரர்கள் படைத்த 'விட்சர் 3'-ன் பூத வேட்டைக்காரன் கதையை ஓட்டத் தொடங்கிவிடும். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டும் முறை முடிவுக்கு வந்தபோது, உழைத்துத் தேய்ந்த கார்டுகள் சந்தையில் மலிந்தன. அவற்றை வாங்கிப் பிழைத்தவரும் உண்டு, கெட்டவரும் உண்டு. அதற்கு முந்தைய வருஷம் ஏ.எம்.டி. கம்பெனி வெளியிட்ட எஃப்.எஸ்.ஆர். என்ற உபாயம், சிறியதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிச் செப்பம் செய்து காட்டுவது; தன் எதிரியான என்விடியாவின் பழைய கார்டுகளிலும் அது ஓடியது. பையன்கள் ஐ.என்.ஐ. கோப்பில் கைப்படச் செய்ததை, கம்பெனியாரே மெனுவில் ஒரு பட்டனாக வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

எல்லாச் சாமர்த்தியத்துக்கும் எல்லை உண்டு. 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளியானபோது, ஏ.வி.எக்ஸ். என்ற கட்டளைத் தொகுதி இல்லாத பழைய ப்ராசஸர்களில் அது பாதியிலே விழுந்தது. ஷேடர் இல்லாவிட்டால் வேறொன்றைப் புகுத்தலாம். கட்டளையே புரியாத ப்ராசஸரிடம் என்ன பேசுவது? அந்தத் தடவை கம்பெனியாரே இரங்கி, அதே மாதத்தில் வந்த திருத்தத்தில் அந்தத் தேவையை நீக்கினார்கள். எல்லோரும் அப்படி இரங்குவதில்லை. 'பால்டர்ஸ் கேட் 3' கார்டு விஷயத்தில் தாராளமாக இருந்தாலும் 150 ஜி.பி. இடம் கேட்டது, அதுவும் எஸ்.எஸ்.டி.யில். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் போட்டவர்களுக்கு, வசனம் முந்தி முகம் பிந்தி வரும். மூன்றாம் அங்கத்தில் கதை பெருநகரத்துக்குள் நுழைந்து தெருவெல்லாம் ஜனங்கள் நடமாடத் தொடங்கியதும், நாலு கோர் ப்ராசஸர்கள் திணறிப்போயின. முறைவைத்து அடிக்கும் யுத்தமானதால் உயிருக்கு ஆபத்தில்லை என்பதே ஆறுதல். 2022-ன் 'எல்டன் ரிங்' அந்த ஆறுதலையும் தராது. எதிரி வாளை ஓங்கும் கணத்தில் படம் நின்றால், மறுபடி ஆரம்பத்திலிருந்துதான்.

யந்திரம் திடமாக இருக்கும்போதே அதைக் கிழடு என்று வெளியிலிருந்து தீர்மானிப்பது அண்மைக் காலத்து வழக்கம். 2024-ஆம் வருஷப் பிறப்போடு ஸ்டீம், விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் 10-க்கு அளித்த ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கான ப்ராசஸர் பட்டியலில் இல்லாத யந்திரங்களை வைத்திருப்பவர்களில் விவரம் தெரிந்தவர்கள் லினக்ஸ் பக்கம் சாய்கிறார்கள். 2018-ல் வால்வ் கம்பெனி கொடுத்த புரோட்டான் என்ற ஏற்பாட்டால் விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை அங்கேயும் ஓடுகின்றன. பள்ளிக்கூட லேப்டாப்பில் இலவசமாக வந்த பாஸ் லினக்ஸை முதல் வேலையாக அழித்துவிட்டவர்களே இன்று லினக்ஸ் தேடி அலைகிறார்கள் என்பதில் கொஞ்சம் வேடிக்கை இருக்கிறது.

புதிதாக வாங்கிவிடலாம் என்று துணிந்தவர்களையும் 2025-ன் கடைசி மாதங்கள் தடுத்து நிறுத்தின. செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பசிக்கு உலகத்து மெமரி சிப்புகள் இரையானதில் ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, 'குருஷியல்' என்ற பெயரில் சாமானியர்களுக்கு ராம் விற்று வந்த வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே பழைய சிஸ்டத்தை எடைக்குப் போட எண்ணியிருப்பவர்கள், போடும் முன் அதிலுள்ள ராம் துண்டுகளையாவது கழற்றி, ரப்பர் போட்டுத் தேய்த்து, எடுத்து வைத்துக்கொள்வது உசிதம். டி.டி.ஆர்.3 என்ற பழைய ரகமானாலும் கேட்டுக்கொண்டு ஆள் வருவார்.